டேப்பில் கட்டிய ஆறு நூல்கள்

தையல் டீச்சருக்கு எதையும் ஒரு தடவைதான் சொல்லிப் பழக்கம். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வார், சொன்னதைக் கரும்பலகையில் எழுதுவார், எழுதியதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். அதற்குப் பிறகும் "டீச்சர், அந்தக் கழுத்து அளவு..." என்று யாராவது இழுத்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையைக் கை காட்டுவார். பயிற்சி மையத்துக்கு வருவதற்கு முன்பு பதினேழு வருஷம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தவர். அங்கே அறுபது மெஷினுக்கும் ஒரே மணி, ஒரே அளவு, ஒரே அதட்டல். அதே கையோடு இங்கே வந்து பத்து வருஷம் ஓட்டிவிட்டார். பாதிக்கு மேல் தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்கு நேரே 'கை வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த பிரிவைத் தொடங்கிவிடுவார்.

இந்தத் தடவை பதினாறு பேர். மாடியில் நீளமான ஓர் அறை, இரண்டு வரிசையாக மெஷின்கள், பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி மூன்று ஜன்னல்கள். ஆறு மாதப் படிப்பு, மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, டீச்சர் சொல்லி வாயை மூடுவதற்குள் தைத்து முடித்துவிட்டுப் பக்கத்து ஆளை வம்புக்கு இழுப்பாள். அவள் மின்னல். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், வீட்டில் சும்மா இருந்து மனைவியின் காலைச் சுற்றிக்கொண்டிருந்ததால் துரத்தப்பட்டு வந்தவர். கை ஸ்திரமாகத்தான் இருந்தது. கண்தான் ஊசிக் காதைப் பார்க்காது. அவர் எல்லாருக்கும் தபால்காரர் ஐயா. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற முப்பத்து நாலு வயசுப் பெண் ஒருத்தி, மெஷினில் உட்கார்ந்தால் தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். துணியை வெட்டச் சொன்னால் மட்டும் அவள் முகத்தில் ஈயாடாது. அவள் ரொட்டிக்கடை அக்கா.

மூன்றாவது வாரம் சட்டைக்குக் கை வெட்டுகிற பாடம். நீளம் பதின்மூன்று என்று பலகையில் எழுதி டீச்சர் கோடும் போட்டாகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரி முப்பத்தொன்று வெட்டி வைத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் இருபத்தாறுக்குப் பதிலாக இருபத்தொன்பது. டீச்சர் துணியைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்.

"யானைக்குட்டிக்கா தைக்கிற, யாருக்கும்மா இந்தக் கை? எத்தனை தடவை சொல்றது?"

அவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். முப்பத்து நாலு வயசு, பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள். அங்கேயும் இப்படித்தான் நின்றிருப்பாள் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. கடைசி மெஷினிலிருந்து தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா அளந்து தைக்கணும்னு எங்களுக்குச் சொல்லித் தர்றீங்க. பாடத்தை மட்டும் எங்க பதினாறு பேருக்கும் ரெடிமேடா மாட்டி விடுறீங்களே."

மின்னல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. மெஷினைப் பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு காலில் குத்தின முள்ளாக இருந்தது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான கணவரிடம் சொல்லி ஆதங்கப்பட்டார். அவர் சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், பத்து பஸ்ஸுக்கும் ஒரே ஸ்பேனர் போட்டால் எட்டு பஸ்ஸின் போல்ட் மழுங்கிப் போகும் என்றார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் இவரும் அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டார்.

டீச்சர் கோபக்காரர், ஆனால் ஒழுங்கானவர். மறுநாள் ஒரு புது நோட்டு வாங்கினார். வாடிக்கையாளர் அளவு எழுதுகிற மாதிரி பக்கத்துக்கு ஒரு ஆள். தோள், மார்பு, கை என்று எழுதுகிற இடத்தில் கண், கை, கவனம், வேகம், பயம் என்று எழுதினார். ஒரு வாரம் யாரையும் அதட்டாமல் வெறுமனே பார்த்தார். அது அவருக்கு நோன்பு மாதிரி இருந்தது.

பக்கம் பக்கமாக மாற்றம் வந்தது. தபால்காரரின் மெஷினில் ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டினார். ஊசிக் காது பளிச்சென்று தெரிந்ததில் மனிதர் ஒரே நாளில் பதினொரு தடவை நூல் கோர்த்தார், தேவையே இல்லாமல். மின்னலுக்குக் கோடு போட்ட துணியைக் கொடுத்து, சட்டையின் கோடும் பையின் கோடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வாய் அன்றைக்குத்தான் முதன்முதலாக மூடியது. ரொட்டிக்கடைக்காரியின் பக்கத்துக்கு வந்தபோதுதான் பேனா நின்றது.

அவள் எதற்காக வந்தாள் என்பது டீச்சருக்குத் தெரியும். சேருகிற அன்றே சொல்லியிருந்தாள். ரொட்டிக்கடை வேலைக்கு விடியற்காலை மூன்றரைக்குப் போக வேண்டும். கணவர் லாரி ஓட்டுகிறவர், போனால் பத்து நாள். ஏழு வயசு மகள் கடிகாரத்தின் மணிச்சத்தத்தில் தானே எழுந்து, தானே தலை சீவி, தானே சட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போவாள். பொது மருத்துவமனையின் துணிப் பிரிவில் ஓர் இடம் இருந்தது. படுக்கை விரிப்பு, நோயாளிகளின் அங்கி எல்லாம் தைக்கிற வேலை, காலை ஒன்பது மணிக்குப் போனால் போதும். சான்றிதழ் கேட்டார்கள். இந்தத் தேர்வு முடிவு வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று பிரிவுத் தலைவி சொல்லியிருந்தாராம். "எம்பொண்ணை நான் ஒரு நாள்கூட எழுப்பினது இல்ல டீச்சர்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தாள்.

அந்தக் குட்டி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வகுப்புக்கு வந்துவிடும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கி விளையாடும். சட்டைப் பொத்தான்கள் தினமும் ஒரு காஜாத் துளை தள்ளித்தான் போட்டிருக்கும், ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து. அம்மாக்காரி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். குழந்தை கதை சொல்லச் சொல்ல, 'உம்' கொட்டிக்கொண்டே எல்லாப் பொத்தான்களையும் கழற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்புவாள். குழந்தைக்கு அது தெரிந்ததாகவே தெரியாது.

ஒரு நாள் மின்னல் கைபட்டுப் பொத்தான் டப்பா கவிழ்ந்தது. தரையெல்லாம் பொத்தான். பன்னிரண்டு டஜன் இருந்ததே, எத்தனை கிடைத்தது என்று டீச்சர் பதறிக்கொண்டிருக்கையில், ரொட்டிக்கடைக்காரி குனிந்து கூட்டிச் சேர்த்து, மேசையில் வரிசை வரிசையாகத் தள்ளி, "நூத்து நாப்பத்து ரெண்டு. ரெண்டு குறையுது" என்றாள். மெஷினுக்கு அடியில் தேடினால் இரண்டு இருந்தன.

டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். கடையில் ஒரு தட்டுக்கு நாலு வரிசை, வரிசைக்கு ஆறு பன். தினமும் நாற்பது தட்டு அவள் கையால்தான் வண்டி ஏறும். முப்பது கடைகளின் ஆர்டரையும் காதில் வாங்கி மனசிலேயே வைத்திருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு பன் கூடினதில்லை, குறைந்ததில்லை. பிறகென்ன கஷ்டம் என்று கேட்டதற்கு டேப்பை எடுத்துக் காட்டிச் சொன்னாள். தனி எண் என்றால் சமாளித்துக்கொள்வாளாம். இரண்டு சேர்ந்தால் எது முன்னால் எது பின்னால் என்று கண்ணுக்குள்ளே இடம் மாறிவிடுகிறதாம். அதிலும் இந்த டேப்பில் மேல்பக்கம் ஒரு முனையிலிருந்து ஆரம்பிக்கிறது, திருப்பினால் மறுமுனையிலிருந்து. ஆறும் ஒன்பதும் ஆளை ஏமாற்றுகின்றன. "பார்க்கப் பார்க்கத் தலை சுத்தும் டீச்சர். எல்லாருக்கும் சுத்துது, அவங்க தாங்கிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அன்றைக்கு அவள் பக்கத்தில் டீச்சர் எழுதினார்: 'கணக்கு வரும். இலக்கம் வராது.'

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் டேப்பை எடுத்தார். இலக்கம்தானே தொல்லை, அதுவே வேண்டாம் என்று மஞ்சள் நகப்பூச்சு வாங்கி வந்து, அறுபது எண்களையும் ஒவ்வொன்றாக மறைத்தார். காயவிட்டார். பிறகு ஓரத்துக் கோட்டில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று நீளக் கோடுகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு நூல் கட்டினார். மஞ்சளில் மஞ்சள் தெரியாது என்பதால் முதலாவது ஊதா, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை. முப்பது இஞ்சு வரை ஆறு நூல். பன்னிரண்டு என்றால் சிவப்புக்கு மேலே இரண்டு. நாலில் ஒரு பங்கு வேண்டுமென்றால் டேப்பை மடித்து இன்னொரு தடவை மடித்துக்கொண்டால் போயிற்று, வகுத்தல் வேண்டாம். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, டேப்புக்குக் கல்யாணமா, இத்தனை அலங்காரம் என்று கேட்டுவிட்டுப் போனார். டீச்சருக்கு அன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

ரொட்டிக்கடைக்காரி அந்த டேப்பைக் கையில் வாங்கி நூல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கினதை மறைக்கச் சுவரைப் பார்த்தாள். முதல் வீட்டுப் பாடமாக மகளுக்கு ஒரு சட்டை வெட்டித் தைத்துக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். தையல் பிரமாதம், கழுத்து அப்படியே பூத்த மாதிரி உட்கார்ந்தது. குழந்தைக்குத்தான் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, வயிற்றுப் பொத்தான் இரண்டும் வாயைப் பிளந்தன.

"பிள்ளை வளர்ற வயசு. அடுத்த தடவை தாராளமா வெட்டு" என்றார் டீச்சர். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த தடவை சரியாக இருந்தது. அதற்கடுத்த தடவையும். கை, காலர், முதுகு, எதிலும் கால் இஞ்சு பிசகவில்லை. டீச்சர் கால் தரையில் பாவாமல் நடந்தார். மையத்தின் மேலாளரைக் கூப்பிட்டு டேப்பைக் காட்டினார். இன்னொரு மையத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சமயங்களில் தபால்காரர் ரொட்டிக்கடைக்காரியைப் பார்ப்பதும், அவள் தலையைக் குனிந்து மெஷினின் நூல் பாபினைச் சரிசெய்வதும், மின்னல் காரணமில்லாமல் இருமுவதும் நடந்தன. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குட்டையான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. உதவியாளர் முத்திரை வைத்த ஒரு மூட்டையைப் பிரித்தார். ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி, ஒரு வெள்ளை நூல்கண்டு, கத்தரிக்கோல், சாக்கட்டி, பொத்தான், புது டேப். சொந்தச் சாமான் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் இந்தக் கூடையில் போடுங்கள் என்றார்.

டீச்சர் கூடையையும் ரொட்டிக்கடைக்காரியின் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த விதி புதிதில்லை. பத்து வருஷத்தில் இருபது தேர்வு பார்த்தவர். இருபது தடவையும் இதே கூடை, இதே பேச்சு. ஆனால் இதுவரை எந்த மாணவியின் டேப்புக்கும் அடுத்தவளின் டேப்புக்கும் வித்தியாசம் இருந்ததில்லை. அதனால் எந்த டேப்பைக் கொடுப்பார்கள் என்பது அவருக்கு மனசில் ஓடவே இல்லை. அத்தனை பக்கம் எழுதின நோட்டில் இந்த ஒரு வரியை எழுத விட்டுப்போயிற்று.

தேர்வாளரைத் தனியே அழைத்துப் போய்க் கெஞ்சினார். அவர் நூல் கட்டிய டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரக்கம் இல்லாதவர் இல்லை. டேப்பில் ஏற்கெனவே குறி போட்டுக்கொண்டு வந்தால் அது விடையை எழுதிக்கொண்டு வருகிற மாதிரிதான், இன்றைக்கு இவளுக்கு விட்டால் நாளைக்கு யாரைத் தடுப்பது என்றார். சொல்லிவிட்டு டேப்பைக் கூடையில் போட்டார். டீச்சரை வெளியே நிற்கச் சொன்னார், அதுவும் விதி.

கதவின் மேல் பாதி கண்ணாடி. டீச்சர் அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார். தேர்வாளர் ஒரு குழந்தைச் சட்டையின் அளவுகளை இரண்டு தடவை உரக்கப் படித்தார். மூன்று மணி நேரம். பதினைந்து தலைகள் துணியின் மேல் குனிந்தன. ரொட்டிக்கடைக்காரி புது டேப்பை இரண்டு கையிலும் ஏந்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முழுசாகப் பத்து நிமிஷம். டீச்சருக்கு உள்ளே ஓடிப்போய் அவள் காதில் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? ஒன்றும் சொல்லித் தரவில்லையே. ஊன்றுகோலைக் கொடுத்தேன், நடக்க வைத்தேன், இன்றைக்குப் பார்த்து அதை என் கண் முன்னாலேயே பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. மருத்துவமனை இடம் அதுவரை நிற்காது. பொத்தான் மாறின அந்தச் சட்டையும், கோணல் வகிடும், கடிகார மணிச்சத்தத்துக்கு எழுந்திருக்கும் அந்தக் குட்டியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

அப்போது ரொட்டிக்கடைக்காரி டேப்பைக் கீழே வைத்தாள். நூல்கண்டை எடுத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு ஆறு துண்டு கத்தரித்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். பிறகு டேப்பைத் திரும்ப எடுத்து, கட்டைவிரல் நகத்தை நகர்த்தி நகர்த்தி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். ஒரு துண்டு நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். மேலே போனாள். அடுத்ததில் இரண்டு முடிச்சு. அதற்கடுத்ததில் மூன்று.

டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். எங்கே கட்டுவது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கட்டிக் கொடுத்தது நான் அல்லவா?

நாலாவது நூலில் தேர்வாளர் அவள் மேசைப் பக்கம் வந்தார். டேப்பை வாங்கி முடிச்சுகளைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்ன மாதிரி இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துபோனார். கண்ணாடிக் கதவில் டீச்சரின் மூச்சு பட்டு ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதை முழங்கையால் துடைத்தார்.

அவள் துணியில் கத்தரிக்கோலை வைத்தபோது அரை மணி நேரம் போய்விட்டிருந்தது. மின்னல் அதற்குள் முதுகும் முன்பக்கமும் இணைத்திருந்தாள். அதற்கப்புறம் ரொட்டிக்கடைக்காரியின் மெஷின் நிற்கவே இல்லை. மணி அடித்தபோது சட்டை முடிந்திருந்தது. காஜா எடுத்தாகிவிட்டது. ஐந்து பொத்தானில் மூன்று தைத்திருந்தாள். இரண்டு மேசையிலேயே கிடந்தன.

எல்லாரும் வெளியே வந்ததும் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் மன்னிப்புக் கேட்டார். வகுப்பில் யாரும் அவரிடமிருந்து கேட்டறியாத வார்த்தை அது. தபால்காரர் காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

"விடுங்க டீச்சர். அந்தக் குட்டை சார்தான் கலர் குடுக்கலை. முடிச்சுப் போட்டுக்கிட்டேன்."

"அது சரிம்மா. எந்த இடத்துல கட்டணும்னு எப்படித் தெரிஞ்சுது? அதை நான்தானே உனக்கு எண்ணிக் கட்டிக் குடுத்தேன்?"

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். மின்னலுக்கு இருமல் வந்தது.

"சொல்லிடும்மா" என்றார் தபால்காரர். "பரீட்சைதான் முடிஞ்சு போச்சே. இனிமே உன்னை பெஞ்சு மேல ஏத்த மாட்டாங்க."

அவள் மெதுவாகச் சொன்னாள். "நீங்க கட்டினது எல்லாமே ஒரு இஞ்சு கீழ இருந்துச்சு டீச்சர்."

டீச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. குழந்தையின் முதல் சட்டை இறுக்கமாக இருந்ததே, அன்றைக்குச் சாயங்காலம் அவள் டேப்பை எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறாள். டீச்சர் ஓரத்துக் கோட்டையே ஒன்று என்று வைத்து எண்ணியிருந்தார். "கோட்டை எண்ணக் கூடாது டீச்சர், கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடத்தை எண்ணணும். நாங்க பன்னைத்தான் எண்ணுவோம், தட்டோட விளிம்பை எண்ண மாட்டோம்" என்றாள். எல்லா நூலையும் அவிழ்த்து ஒரு இஞ்சு தள்ளிக் கட்டிக்கொண்டாளாம். நகப்பூச்சு வழுக்கியதால் நூல்கள் நகர்ந்துகொண்டே இருந்தனவாம். வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை, முதலிலிருந்து எண்ணிக் கட்டுவாளாம். ஐந்து மாதத்தில் இருபது தடவைக்குக் குறையாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எவ்வளவு ஆசையா கட்டிக் கொண்டாந்தீங்க. சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான்..."

"எங்க எல்லாருக்கும் தெரியும் டீச்சர்" என்றாள் மின்னல். "மேனேஜர்கிட்ட நீங்க காட்டினப்போ நான் சிரிப்பை அடக்கினதுல பல்லே உடைஞ்சிருக்கும்."

பதினாறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து மாதம். டீச்சர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். கேலி எங்கேயும் இல்லை. குழந்தை கதை சொல்லச் சொல்லப் பொத்தானைக் கழற்றி மாட்டுகிற அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. ஐந்து மாதமாக அந்தக் கை தன் சட்டையிலும் வேலை பார்த்திருக்கிறது, தனக்குத் தெரியாமலே. சிரிப்பு வந்தது அவருக்கு. சிரிக்கப் போய்க் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. தேர்வாளர் உன்னிடம் என்ன கேட்டார் என்று பேச்சை மாற்றினார். இது என்ன என்று கேட்டாராம். எண்ணினது என்று சொன்னாளாம். அவ்வளவுதான்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. பொத்தான் தைக்காததற்கும் நேரத்துக்கும் மதிப்பெண் போயிருந்தது. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி, அவள் ஐம்பத்தெட்டு. மின்னல் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டு, மிச்சம் நாலு எங்கே போச்சு என்று சண்டைக்குத் தயாராக இருந்தாள். தபால்காரர் அறுபது. மனைவியிடம் காட்டியபோது, அப்ப என் துணியெல்லாம் இனிமே நீங்களே தைங்க என்று சொல்லிவிட்டாராம், வினையாகிப் போச்சு என்று வந்து புலம்பினார்.

புதுப் பிரிவு தொடங்குவதற்கு முன்தினம் டீச்சர் இன்னொரு நோட்டு வாங்கினார். இருபது பேருக்கு இருபது பக்கம் கோடு போட்டு ஒதுக்கினார். முதல் பக்கம் மிச்சமாக இருந்தது. அதில் தன்னுடையதை எழுதினார்: 'வேகமாகக் கட்டிக் கொடுத்துவிடும். இடத்தை எண்ண வராது, கோட்டை எண்ணும். அடிக்கடி கேட்டுச் சரிபார்க்கவும்.' அடிக்கோடு போடப் போனவர், போடாமல் மூடிவைத்தார்.

மறுநாள் காலை, புது ஆட்கள் மதியம் வருவதற்கு முன் அறையை ஒழுங்குபடுத்தி வைக்கலாம் என்று சீக்கிரமே கிளம்பிப் பேருந்திலிருந்து இறங்கினார். நிறுத்தத்தில் ரொட்டிக்கடைக்காரி நின்றிருந்தாள். மருத்துவமனை வேலையில் சேர்ந்தாகிவிட்டது, இனிமேல் அந்தப் பெயர் பொருந்தாது, ஆனால் வேறு பெயர் யாரும் வைக்கவில்லை. குளித்த ஈரத் தலையைச் சீவியிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு குட்டி. வகிடு நேராக இருந்தது. முகம் கழுவின பளபளப்பு. சட்டை அம்மா தைத்தது, வளர்வதற்கு இடம் விட்டு. பொத்தான்கள் மட்டும் பழையபடியே ஒரு காஜா தள்ளி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன.

"என்னம்மா, இப்பதான் காலையில வீட்டுல இருக்கியே. பட்டனைச் சரியாப் போட்டு விடக்கூடாதா?"

"நானே போட்டேன்" என்றது குட்டி, யாரும் கேட்காமலே.

அம்மா டீச்சரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எழுப்பி, தலை சீவி விட்டா அதுக்குச் சந்தோஷம். பட்டனை மட்டும் தொடக் கூடாதாம். மேலேர்ந்து எண்ணிப் போடுறா. கழுத்துப் பட்டனை விட்டுட்டு எண்ணுறா டீச்சர். இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவா."

டீச்சரின் கை அதற்குள் குழந்தையின் முதல் பொத்தான் வரை போயிருந்தது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு தோளில் நழுவியிருந்த பள்ளிப் பையின் பட்டியைச் சரியாக ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்து வழியாக மருத்துவமனைப் பக்கம் போகிற பேருந்து வந்து நின்றது. குட்டி முதல் படியில் ஏறி, ஒன்று என்றது.